மெட்ராஸ் கப்பலில் ஓர் உருப்படி கூடுதல்

போன வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். வெட்டுவதற்குத் தலையில் பெரிதாக ஒன்றும் இல்லை. காதோரம் கொஞ்சம், பின்கழுத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். இருந்தாலும் மாதம் தவறாமல் போய்விடுவேன். சுங்கை லாலாங் சாலையோரத்தில் ஒரு தம்பி புதிதாகக் கடை போட்டிருக்கிறான். கட்டடம் இல்லை. கப்பலில் சாமான் ஏற்றி வரும் இரும்புக் கொள்கலன் ஒன்றை வாங்கி, பக்கவாட்டில் வெட்டிக் கண்ணாடிக் கதவு வைத்து, ஏர்கோன் மாட்டி, இரண்டு நாற்காலி போட்டிருக்கிறான்.

"வாங்க அங்கிள். கொந்தேனா சலூன், நம்ம ஏரியாவுல இது ஒண்ணுதான் லா" என்றான்.

உட்கார்ந்ததும் எனக்குக் கவலை வந்துவிட்டது. ஏர்கோனிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பக்கத்திலேயே மின்கம்பி போகிறது. சுற்றிலும் இரும்பு. நல்ல மழை நாளில் கரண்ட் பாய்ந்தால் வாடிக்கையாளர் கதி என்ன? கேட்டேவிட்டேன்.

"அங்கிள், ஆறு மாசமா நான் இதுக்குள்ளதான் இருக்கேன். உயிரோடதான் இருக்கேன்" என்று தலையைப் பிடித்து நேராக்கினான்.

மனதைத் திருப்புவதற்காகச் சுவரின் மடிப்புகளை எண்ண ஆரம்பித்தேன். எனக்கு அந்த வியாதி உண்டு. கோவிலுக்குப் போனால் தட்டில் இருக்கும் வாழைப்பழங்களை எண்ணுவேன். கல்யாண மண்டபத்தில் நாற்காலி, பேருந்தில் காலி இருக்கை, சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டு. என் வீட்டுக்காரி இதற்காகவே விருந்துகளில் என் பக்கத்தில் உட்காருவதில்லை. "துண்டை எண்ணிட்டு ஊத்துனவங்க மூஞ்சியப் பாக்குறீங்க, எனக்கு மானமே போவுது" என்பாள்.

முப்பத்தோராவது மடிப்பில் இருந்தபோது தம்பி வேலையை முடித்துவிட்டு, பஞ்சு உருண்டையில் பவுடரைத் தொட்டுக் கழுத்தில் தட்டினான். கணக்கு அங்கேயே விட்டுப்போனது. இரும்புப் பெட்டி, புழுக்கம், மூக்கில் ஏறும் பவுடர் மணம். தம்பி கதவைத் திறந்து வைத்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. கதவு மூடியிருந்ததால் நான் நேராகக் கப்பலின் வயிற்றுக்குள் போய்விட்டேன்.

வாலிப வயதில் நான் பட்டர்வொர்த் துறைமுகத்தில் டேலி கிராணி. பெயர்தான் பெரிது, வேலை எண்ணுவது. கப்பலில் ஏறுகிற சாமானையும் இறங்குகிற சாமானையும் எண்ண வேண்டும். நான் கரையில் நின்று எண்ணுவேன். கப்பலுக்குள் நின்று எண்ணுபவன் என் கூட்டாளி தேவராஜ். வலையில் கட்டு மேலே போகும்போது நான் ஒரு கோடு போடுவேன். உள்ளே இறங்கும்போது அவன் ஒரு கோடு போடுவான். வேலை முடிந்ததும் இருவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். சுமை ஆட்கள் தங்கள் பங்குக்கு வாயால் எண்ணுவார்கள். அவர்கள் வாயில் 'ஒன்று' வராது. அரிசி அளக்கிறவர்கள் மாதிரி முதல் எண்ணுக்கு 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் ரத்தக்கொதிப்பு மாத்திரையை லாபம், ரெண்டு என்றுதான் எடுத்து வைக்கிறேன்.

துறைமுகம் என்றால் கப்பல் வந்து நிற்கும் இடம் என்றுதான் வேலைக்குச் சேரும் வரை நினைத்திருந்தேன். நிற்பது சின்ன விஷயம். ஒரு கப்பல் வந்தால் அதற்கு நடக்கும் உபசாரம் சம்பந்தி வீட்டாருக்குக்கூட நடக்காது. வழிகாட்டும் பைலட் வெள்ளை உடுப்பில் படகேறிப் போய், நடுக்கடலிலேயே எதிர்கொண்டு அழைத்து வருவார். இழுவைப் படகுகள் இரண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்துக் கரைக்கு ஒதுக்கும். கயிறு வாங்கிக் கட்டுவதற்குத் தனி ஆட்கள். குடிதண்ணீர் கொடுக்க ஒருவர், எண்ணெய் கொடுக்க ஒருவர், குப்பை வாங்கிக்கொள்ள ஒரு படகு. காய்ச்சல் வந்த மாலுமிக்கு மருத்துவ அறை, நெருப்பு வந்தால் தீயணைப்பு வண்டி, முட்டைக்கோஸும் ஆட்டிறைச்சியும் கொண்டுவந்து இறக்க ஒரு கடைக்காரர். இவ்வளவையும் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் சிக்னல் நிலையம். அங்கே இருந்தவர் ஹாஷிம் அண்ணன். மலாய்க்காரர். ரப்பர்த் தோட்டத்துப் பக்கத்துக் கம்போங் கிராமத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழில் எங்களைவிட நன்றாகத் திட்டுவார்.

கெடா தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் கட்டுகள்தான் எங்களுக்கு அன்றாடச் சரக்கு. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரத்தில் பாதி. ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. புழுக்கத்தில் அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போய்ச் சேரும் ஊரில் பிரித்தெடுக்க முடியாது. அதனால் அடுக்குக்கு அடுக்கு வெள்ளைப் பவுடரைத் தூவுவார்கள். சாயங்காலம் கப்பலுக்குள்ளிருந்து ஏறி வருகிற ஆட்கள் திருநீற்று மூட்டையில் விழுந்து எழுந்த மாதிரி இருப்பார்கள். தேவராஜும் அப்படித்தான் வீட்டுக்குப் போவான். முகத்தைக் கழுவுவான், காதுமடலை மறந்துவிடுவான்.

ரப்பர் கட்டின் மேல் படுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் படுத்திருக்கிறேன். கொஞ்சம் அமுங்கும், கொஞ்சம் தாங்கும். இப்போது தொலைக்காட்சியில் முதுகுவலிக்கென்று விற்கிறார்களே, அந்த மெத்தையெல்லாம் கிட்ட வராது.

அந்த மெத்தைதான் தேவராஜைக் கவிழ்த்தது.

அவனுக்குச் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் பெண் பார்த்திருந்தார்கள். சரோஜா என்று பெயர். அவளுடைய அப்பா முனியாண்டி, தோட்டத்துப் புகைக்கூட்டில் ரப்பர் கட்டு கட்டி, அதன் மேல் தோட்டத்தின் மார்க்கை மையால் அடிக்கிறவர். ஒரு டைமனுக்குள் மூன்று ஆங்கில எழுத்து. பெண் பார்த்த அன்றே தேவராஜ் என்னிடம் வந்து, "மாமா அடிக்கிற மார்க்கு நம்ம கப்பல்லதான்டா ஏறுது" என்று பூரித்தான். வேறு எவனாவது பெண்ணின் கண்ணைப் பற்றிச் சொல்லியிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன் தட்டு மாற்றிவிட வேண்டும் என்பது பெண் வீட்டார் பேச்சு. தேவராஜ் அன்று பகல் லீவு கிடைப்பதற்காக முதல் நாளும் இரவும் சேர்த்து வேலை பார்த்தான். காலையில் ஏற்றும் வேலை முடிந்தது. இருவர் கணக்கும் ஒத்தது. புது வேட்டி சட்டைப் பொட்டலத்தைச் சைக்கிளின் பின்னால் கட்டி வைத்திருந்தான். குளித்துவிட்டு நேரே பஸ் ஏறுவதாகத் திட்டம். கப்பல் அதிகாரி ஒருவர் மட்டும், கடைசி அடுக்குக்குப் பவுடர் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வரச் சொன்னார். கீழே இறங்கினான்.

நான் கேண்டீனில் பசியாறிவிட்டு வந்தேன். கப்பல் போய்விட்டிருந்தது. தேவராஜும் போயிருப்பான் என்று நினைத்தேன். கிடங்கு ஓரத்தில் வழக்கமாகப் பதினொரு சைக்கிள் நிற்கும். எல்லாம் போய் ஒன்று மட்டும் நின்றது. பச்சை சைக்கிள், பின்னால் பொட்டலம்.

சிக்னல் நிலையத்துப் படிகளை எண்ணாமல் ஏறியது அந்த ஒரு நாள்தான்.

"அண்ணே, தேவராஜ் கப்பலுக்குள்ள மாட்டிக்கிட்டான்!"

ஹாஷிம் அண்ணன் தொலைநோக்கியைக் கீழே வைத்தார். "பைலட் எறங்கி வந்துட்டாரே தம்பி. கப்பல் வெளிய போயாச்சு."

"அடுத்து எங்க நிக்கும்?"

"மெட்ராஸ் லா."

அவர் ரேடியோவை முறுக்கினார். கரகரவென்று சத்தம் வந்ததே தவிர ஆள் வரவில்லை.

"நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். பதில் வந்தா யாருக்குச் சொல்ல?"

அதுதான் கேள்வி. தோட்டத்து லயத்து வீடுகளில் ஏது டெலிபோன்? ஆபீஸும் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். தேவராஜின் அக்காவும் அத்தானும் மெர்கோங்கிலிருந்து நேரே பெண் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். யாராவது போய்ச் சொல்ல வேண்டும். பொட்டலத்தை அவிழ்த்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நாலு விதமாகத் தயார் செய்தேன். நாலும் இறங்கியவுடன் மறந்துபோயின.

வீட்டு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். பாய் விரித்துத் தட்டுகள் அடுக்கியிருந்தன. முனியாண்டி வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார்.

"வாங்க தம்பி. மாப்பிள்ள பின்னால வராரா?"

"இல்லீங்க மாமா. அவன் கப்பல்ல போயிட்டான். வேணும்னு போகல, உள்ள தூங்கிட்டான்."

"எந்த ஊருக் கப்பலு?"

அந்த இடத்தில் மெட்ராஸ் என்று சொல்லாமல் இருக்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

முனியாண்டி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எங்கப்பாவும் மூணு மாசத்துல வந்துர்றேன்னுட்டுதான் மெட்ராஸ் கப்பல் ஏறுனாரு. எனக்கு அப்ப எட்டு வயசு. எங்கம்மா சாகுற வரைக்கும் பஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கும்" என்றார். பிறகு, தட்டுகளை உள்ளே எடுத்து வைக்கும்படி கையைக் காட்டினார்.

தேவராஜின் அக்கா அழ ஆரம்பித்தார். அப்போது உள்ளேயிருந்து சரோஜா வாசல்படி வரை வந்துவிட்டாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. நிச்சயத்துக்கு முன்னால் பெண் அப்படி வெளியே வருவது வழக்கமில்லை.

"அண்ணே, கையில என்ன?"

"அவனோட புது வேட்டி, சட்டைம்மா. சைக்கிள்ல கட்டி வச்சிருந்தான்."

"பாத்தீங்களாப்பா. ஓடிப்போறவரு புதுச் சட்டைய விட்டுட்டா போவாரு?"

"எங்கப்பா பெட்டியவே விட்டுட்டுதான் போனாரு" என்றார் முனியாண்டி.

அவள் அசையவில்லை. "நாலரை வரைக்கும் நேரம் இருக்குல்ல? தட்டு வெளியவே இருக்கட்டும். ராகுகாலம் வந்தா நானே எடுத்து வைக்கிறேன்."

என் கைக்கடிகாரத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்பதை மட்டும் எண்ணவில்லை. பந்தலில் இருந்தவர்களை எண்ணினேன். முப்பத்தாறு. கேசரி ஆறிக்கொண்டிருந்தது.

நாலு அடித்துக் கொஞ்ச நேரத்தில் மீன் வாடை வந்தது. அப்புறம்தான் லோரி வந்தது. கோத்தா கோலா மூடாவிலிருந்து மீன் ஏற்றி வரும் லோரி. ஓட்டுநருக்குப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளை உருவம் குதித்தது. தலை, புருவம், காது, சட்டை, கால்சட்டை, எல்லாம் வெள்ளை. வியர்வை வழிந்த இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு.

"மணி என்னடா?" என்று என்னைக் கேட்டான் தேவராஜ்.

நடந்தது இதுதான். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்திருக்கிறான். விழித்தபோது மேலே மூடியிருந்தது, கீழே ஆடியது. ஏணியேறி இரும்பில் தட்டியிருக்கிறான். அதே நேரம் ஹாஷிம் அண்ணனின் குரல் ரேடியோவில் கப்பலைப் பிடித்துவிட்டது. உங்கள் கப்பலில் எங்கள் உருப்படி ஒன்று கூடுதலாக ஏறிவிட்டது என்றாராம். கேப்டன் திரும்பி வர மாட்டேன் என்றாராம். ஆனால் கோலா மூடாவுக்கு நேரே மீன்படகு ஒன்றைக் கண்டு சங்கு ஊதியிருக்கிறார்கள். மீன் வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அந்த மீனவர்கள் கூடையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். கயிற்றேணியில் இறங்கியது மாப்பிள்ளை. பட்டர்வொர்த்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தால்கூட இவ்வளவு குறுக்கே வந்திருக்க முடியாது.

எல்லோரும் மூச்சு விட்டோம். முனியாண்டி விடவில்லை.

"தூங்குனீங்களா, இல்ல ஊருக்கு ஓடப் பாத்து, கப்பல்காரன் பிடிச்சு எறக்கி விட்டானா?"

தேவராஜ் கல்லூரி வரை போனவன். கணக்கு என்றால் பிளந்து கட்டுவான். தூங்கியதை எந்தக் கணக்கில் காட்டுவது? என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலு இருபது. அவன் அவமானத்தில் லோரிப் பக்கம் திரும்பினான்.

"அப்பா, அவரு முதுகப் பாருங்க!" என்றாள் சரோஜா. சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சட்டையின் முதுகில், பவுடர் வெள்ளைக்கு நடுவில், ஒரு டைமன். அதற்குள் மூன்று எழுத்து, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி. புழுக்கத்தில் இளகிய மை அப்படியே ஏறியிருந்தது.

முனியாண்டி கிட்டே போனார். விரலால் டைமனின் ஓரத்தைத் தடவினார். "இது நான் அடிச்சது" என்றார். "கீழ்மூலை எனக்கு எப்பவும் கொஞ்சம் வழிஞ்சுரும்." பிறகு தேவராஜின் தோளைப் பிடித்து எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டினார். "பாத்துக்குங்க. ஒரு எழுத்துகூடக் கலையல. ஓடி ஒளியிறவன் உருண்டுகிட்டும் எட்டிப் பாத்துகிட்டும் இருப்பான். இது கட்டை மாதிரி மல்லாந்து கெடந்த முதுகு." அவனைத் தன் பக்கம் திருப்பினார். "கொறட்ட விடுவீங்களா மாப்பிள்ள?"

"விடுவான் மாமா" என்றேன் நான். அன்றைக்கு நான் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான்.

குளிக்க நேரமில்லை. புது வேட்டியைப் பழைய கால்சட்டைக்கு மேலேயே சுற்றி உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இடத்தில் பாயில் வெள்ளைப் புகை எழும்பியது. யாரோ ஓர் அத்தை, "பொண்ணுக்குத்தானே பவுடர் போடுவாங்க, இங்க மாப்பிள்ள முழுசா பூசிக்கிட்டு வந்துருக்காரே" என்றார். பந்தலே அதிர்ந்தது. முனியாண்டி கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். எதற்கு வந்த தண்ணீர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தட்டு மாறியபோது மணி நாலு இருபத்தெட்டு. மீன் லோரிக்காரர் இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டார். அவரையும் தேவராஜையும் சேர்த்து முப்பத்தெட்டு பேர்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் அது ஒரு பேச்சாகிவிட்டது. குளித்துவிட்டு யாராவது பவுடரைக் கூடுதலாகப் பூசினால், "என்னா, கப்பல்ல மாட்டிக்கிட்டியா?" தேவராஜ் வேலை முடிந்து தாமதமாக வந்தால், "மெட்ராஸ் எப்படி இருக்கு?" அவன் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. அந்தச் சட்டையை என்ன செய்தாய் என்று சரோஜாவை ஒரு தடவை கேட்டேன். "மை போகவே இல்லண்ணே. அடுப்படித் துணியாக்கிட்டேன்" என்றாள்.

இப்போது கப்பலின் வயிற்றுக்குள் யாரும் இறங்குவதில்லை. ரப்பர் சின்னக் கட்டிகளாகப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு, கொள்கலனுக்குள் பூட்டப்பட்டு வருகிறது, பூட்டியபடியே ஏறுகிறது. பவுடர் இல்லை. எண்ணுவதற்குக் கேமரா இருக்கிறதாம். அது தூங்காது. சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் குடியிருப்புத் தாமானாகிவிட்டது. புகைக்கூடு நின்ற இடத்தில் கார் கழுவுகிறார்கள். துறைமுக வேலியோரம் போன வருடம் காரை நிறுத்திச் சிக்னல் நிலையம் தெரிகிறதா என்று பார்த்தேன். காவலாளி வந்து, "இங்கே நிறுத்தக் கூடாது அங்கிள்" என்றார்.

தேவராஜ் போய் மூன்று வருடமாகிறது. மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டான், மல்லாந்தபடி.

சலூனிலிருந்து அந்தத் தாமான் நடக்கும் தூரம்தான். மகன் வீட்டில் சரோஜா இருக்கிறாள். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, என் கழுத்தைப் பார்த்தாள்.

"என்னண்ணே, நீங்களும் கப்பல்ல மாட்டிக்கிட்டீங்களா?"

இருவரும் சிரித்தோம். உள்ளேயிருந்து மருமகள் எட்டிப் பார்த்து, "எந்தக் கப்பல் அத்தை?" என்றாள். நல்ல பெண். சொன்னால் கேட்பாள். சரோஜா சொல்லத் தொடங்கினாள். நான் பழக்கதோஷத்தில், அன்றைக்குப் பந்தலில் இருந்தவர்களில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

லாபம், ரெண்டு.

மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். கணக்கு ஒத்துப்போனது.